கடைசி இடத்துக் கிளாடிஸ்

கிளாடிஸ் தும்மியது. வெண்டல் ஹால்வர்சன் கையிலிருந்த உலர்புல்லைக் கீழே போட்டார். கையுறையைப் பல்லால் கடித்து உருவி, மேல்சட்டைப் பையிலிருந்து செல்பேசியை எடுத்தார். அவருடைய மாட்டுத் தரவுத்தளத்தில் காய்ச்சலுக்கு இடம் உண்டு, மடிநோய்க்கு உண்டு, நொண்டலுக்கு உண்டு. தும்மலுக்கு இல்லை. வழக்கம்போல 'இதர' என்ற கட்டத்தைத் திறந்து, "தும்மல், ஈரமானது, என் முகத்தின் மேல்" என்று பதிந்தார். பதிந்து முடித்த பிறகுதான் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

விஸ்கான்சினில் எங்கள் மேட்டுப் பக்கத்துச் சின்னப் பண்ணைகளுக்கு மாதம் ஒருமுறை போய், ஒவ்வொரு மாட்டின் பாலையும் எடை போட்டு, குப்பியில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது என் பிழைப்பு. மற்றத் தொழுவங்களில் எனக்குக் காப்பி கிடைக்கும், கூடவே ஊர்வம்பும் கிடைக்கும். வெண்டலின் தொழுவத்தில் வரைபடம் கிடைக்கும். நான் ரப்பர் காலணியை மாட்டுவதற்குள் ஒரு தாளை மூக்குக்கு நேரே நீட்டுவார். "பாத்தியா வெர்னா, மூணாவது ஈத்துல எல்லாம் எப்படி ஏறுதுன்னு?" என்பார். ஏறத்தான் செய்யும். மாடுகள் மூன்றாவது ஈற்றில் அதிகம் கறக்கும் என்பது அவருடைய கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே மாடுகளுக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லி ஒரு மனிதரின் காலைப்பொழுதைக் கெடுப்பானேன்.

ஜெர்சி மாடுகள் இருபத்துச் சொச்சம். அத்தனைக்கும் பிறந்த நாள், சினை ஊசி போட்ட நாள், கன்று ஈன்ற நாள், குளம்பு சீவிய நாள், கொள்ளுப்பாட்டியின் கொழுப்புச் சத்து வரைக்கும் அவர் பையில் இருக்கிறது. மாவட்ட விவசாய அலுவலகத்தில் ஒரு சனிக்கிழமை நடந்த கம்ப்யூட்டர் பயிற்சி வகுப்புக்கு, இலவச மதியச் சாப்பாடு உண்டு என்று கேள்விப்பட்டுப் போனவர் இவர். சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். வெண்டல் மட்டும் மதம் மாறி வந்தார்.

இரண்டு வருடம் முன்பு அவருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. படுத்த படுக்கையில் பொழுது போகாமல், தன்னையும் அதே தரவுத்தளத்தில் ஏற்றிக்கொண்டார். அதிலிருந்த உடல் படத்தில் நான்கு கால்கள்தான் இருந்தன. ஆகவே அவருக்குக் கோளாறு 'இடது பின்னங்கால்'. நொண்டல் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. புண் ஆறுவதற்கு டாக்டர் கொடுத்த மாத்திரையையும் நேர்மையாகப் பதிந்தார். உடனே திரையில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது: இவரது பாலை அடுத்த சில நாட்களுக்குத் தொட்டியில் சேர்க்கக் கூடாது. அந்தத் திரையை அவர் எங்கள் எல்லாருக்கும் காட்டினார். சிரிப்பதற்காகக் காட்டவில்லை. "பாத்தியா, எவ்வளவு கவனமா இருக்குது!" என்று மெச்சித்தான் காட்டினார்.

தேவாலயத்தில் பாதிரியார் நோயாளிகளுக்காக ஜெபிக்கச் சொன்னால், பின் வரிசையிலிருந்து வெண்டலின் குரல் கேட்கும்: "காய்ச்சல் எத்தன நாளா? எவ்வளவு டிகிரி?" பாதிரியார் இப்போதெல்லாம் விவரத்தோடுதான் ஜெபிக்கிறார்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வசந்த காலத்தில் நோரா என்ற அவருடைய மாட்டுக்கு மடி வீங்குவதற்கு முன்பே, பால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதை அந்தக் கம்ப்யூட்டர் காட்டிக்கொடுத்தது. கால்நடை மருத்துவரை முன்கூட்டியே கூப்பிட்டார், மாடு பிழைத்தது. அது உண்மை. அன்று முதல் அவரோடு பேசவே முடியாமல் போனதும் உண்மை.

தீவன ஆலையின் காப்பி மேசைதான் அவருடைய பிரசங்க மேடை. "மாட்டோட மூஞ்சியப் பாக்காதீங்கய்யா. மூஞ்சி பொய் சொல்லும். நம்பரப் பாருங்க" என்பார். "பேரு வச்சா பாசம் வரும். பாசம் வந்தா தீவனம் போகும். தீவனம் போனா பண்ணையே போகும்." யாரோ ஒருவர், "அப்ப கிளாடிஸ்னு உங்க தொழுவத்துல ஒண்ணு நிக்குதே, அது நம்பரா?" என்று கேட்டார். வெண்டல் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அதில் சர்க்கரை போட்டிருக்கவில்லை.

பேச்சோடு விட்டிருந்தால் ஊருக்கு நல்லது. அவர் விடவில்லை. அக்கம்பக்கத்து ஆறு பண்ணைகளைச் சேர்த்து ஒரே பட்டியலில் ஏற்றினார். யாருடைய மாடு எவ்வளவு கறக்கிறது, எத்தனை முறை நோயில் விழுகிறது என்பது ஆறு பேருடைய செல்பேசியிலும் தெரியும். ஒரு விதியும் அவரே போட்டார். பனிக்காலத்துக்காக மாடுகளை உள்ளே கட்டும் முன், ஒவ்வொரு பண்ணையிலும் கடைசி இடத்தில் நிற்கும் மாடு வெளியே போக வேண்டும். வெளியே என்றால் அடிமாட்டுச் சந்தைக்கு. ஆறு பேரும் காப்பிக் கோப்பையை உயர்த்திச் சம்மதித்தார்கள். அவரவர் மனதில் பக்கத்துப் பண்ணையின் மாடுதான் ஓடியிருக்கும்.

முதல் வருடம் லவோன் பிரெக்கியின் பண்ணையில் கடைசி இடம் பியூலாவுக்கு. லவோன் என் தோழி. சந்தைக்கு மாடு ஏற்றிப்போகும் இழுவை வண்டி இந்தப் பக்கத்தில் அவளிடம் மட்டும்தான் இருக்கிறது. ஊர் மாடுகளையெல்லாம் ஏற்றிப் போகிறவள் அந்த வருடம் தன் மாட்டையே ஏற்றிப் போனாள். பியூலா அவள் குரல் கேட்டாலே வேலியோரம் ஓடி வரும். அதற்கெல்லாம் பட்டியலில் கட்டம் கிடையாது. வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்தில் தட்டைத் தொடாமல் அழுதவளின் முதுகில் தட்டி, "அழுதா பால் ஏறுமா லவோன்? நம்பர் சொன்னதத்தானே செஞ்ச" என்று ஆறுதல் சொன்னார் வெண்டல். ஆறுதல் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவளுடைய மீனையும் அவரே தின்று முடித்தார்.

இந்த வருடம் கடைசி இடத்தை நோக்கி இறங்கியது கிளாடிஸ்.

வயதான மாடு. பால் போதாது, சினையும் தங்கவில்லை, பின்மடியில் ஒரு காம்பு எப்போதோ அடைத்துக்கொண்டது. ஆனால் வெண்டல் கம்ப்யூட்டரில் ஏற்றிய முதல் மாடு அதுதான். ஆள்காட்டி விரல் ஒன்றால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டி, இரண்டு முறை அழித்து, பிறந்த வருடத்தைத் தவறாகப் போட்டதால் சில நாட்கள் கிளாடிஸ் இன்னும் பிறக்காத மாடாகவே இருந்தது. அந்த நாட்களில் அவர் மடிக்கணினியைத் தீவன மூட்டை மேல் வைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அது குனிந்து விசைப்பலகையை நக்கும். ஒரு விசை இன்றுவரை ஒட்டிக்கொள்கிறது. மாற்றித் தருகிறேன் என்று மகள் சொன்னபோதும் மாற்ற விடவில்லை.

தீவன ஆலையில் லவோன் தன் செல்பேசியை மேசை நடுவில் வைத்தாள். "வெண்டல், உங்க வீட்டுப் பட்டியல்ல கடைசியில யாரோ நிக்கிறாங்களே. தெரிஞ்சவங்க மாதிரி இருக்கு."

"சீசன் முடியல. ஏறும்" என்றார் வெண்டல்.

"ஏறும் ஏறும். எதுல ஏறும்? என் வண்டியிலயா?"

மேசையே சிரித்தது. வெண்டலும் சிரித்தார். பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, காப்பியைப் பாதியில் விட்டுப் போனார். அவர் காப்பியைப் பாதியில் விட்டு யாரும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்தது ஓர் அதிசயம். கிளாடிஸுக்கு இளமை திரும்பியது. தினசரிக் கணக்கை வெண்டல்தான் ஏற்றுகிறார், அதில் கிளாடிஸின் பால் நாளுக்கு நாள் ஏறியது. அதே நாட்களில் அடுத்த கட்டுத்தறியில் நின்ற நோராவின் பால் இறங்கியது. இது ஏறிய அளவுக்கு அது இறங்கியது, ஒரு அவுன்ஸ் கூடக் குறைய இல்லை. மொத்தத்தில் பண்ணையின் பால் ஒரு சொட்டுக்கூட மாறவில்லை. இதைவிட நேர்மையான திருட்டை நான் பார்த்ததில்லை.

ஆனால் பட்டியலின் இடத்தைத் தீர்மானிப்பது மாதக் கணக்கு. அது என் கணக்கு. நான் போன அன்று, எடைமானியில் கிளாடிஸின் பால் அடிக்கோட்டைத் தாண்டவே யோசித்தது.

"என்ன வெண்டல், நேத்து வரைக்கும் ஏறிக்கிட்டிருந்த பாலு இன்னிக்கு எங்க போச்சு?"

"உன்னப் பாத்து பயந்திருக்கும்."

"இது கன்னுக்குட்டியா இருந்தப்பலேர்ந்து என்னைப் பாக்குது."

"அதான் சொல்றேன். அவ்வளவு நாள் பயம்."

நான் குப்பியில் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் போய், அன்று காலை செய்த சீஸ் துண்டுகள் ஒரு பை கொண்டுவந்து என் பெட்டி மேல் வைத்தார். கடித்தால் பல்லுக்கடியில் கீச்சிடும் புதுத் துண்டுகள். அவர் எனக்கு இதுவரை கொடுத்ததெல்லாம் வரைபடம்தான்.

"உன் எடைமானி பழசாயிருச்சு போல வெர்னா."

"போன மாசம்தான் சரிபாத்து முத்திர போட்டுக் கொடுத்தாங்க."

"ரெண்டு பவுண்டு கூட்டிப் போட்டா யாருக்கு நஷ்டம்? சொல்லு. நோரா ஒண்ணும் சொல்லாது."

"நீங்க போட்ட விதிக்குத்தான் நஷ்டம்."

அவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். எனக்கு உள்ளே ஏதோ இளகியது. பியூலா நினைவுக்கு வந்ததும் இறுகிவிட்டது. இருந்ததை இருந்தபடி எழுதினேன். சீஸ் பையையும் எடுத்துக்கொண்டேன். சீஸ் என்ன பாவம் செய்தது.

சில நாட்களில் ஆறு செல்பேசிகளும் ஒரே நேரத்தில் மணியடித்தன. ஹால்வர்சன் பண்ணை, கிளாடிஸ், விற்கப்பட்டது, காரணம்: பால் குறைவு. தீவன ஆலையில் எல்லாரும் எழுந்து நின்று அவருக்குக் கைகொடுத்தார்கள். "சொன்னா சொன்னபடி செய்யிற ஆளுய்யா!" என்றார் ஒருவர். "ஒரு சொட்டுக் கண்ணீர் உண்டா பாரு!" என்றார் இன்னொருவர். வெண்டல் அடக்கமாகத் தலையசைத்தார். அந்த அடக்கத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

லவோன் மட்டும் என்னைத் தனியே இழுத்தாள். "வெர்னா, என் வண்டியில ஏறாம அது எப்படிடி போச்சு? பஸ் பிடிச்சுப் போச்சா?"

அடுத்த மாதக் கறவைக்கு நான் வெண்டலின் தொழுவத்துக்குள் நுழைந்தபோது, கட்டுத்தறி ஒன்றுகூடக் காலியாக இல்லை. வரிசையாக எடை போட்டுக்கொண்டு போனேன். நோரா அமோகமாகக் கறந்தது, அதற்கும் இளமை திரும்பிவிட்டது. அடுத்த தறிக்கு முன்னால் வெண்டல் நின்றார். சாதாரணமாக நிற்கவில்லை. குளிர்காலக் கோட்டை இரண்டு பக்கமும் விரித்து, கைகளை இடுப்பில் ஊன்றி, கால்களை அகட்டி நின்றார். அவருக்குப் பின்னால் இருந்தது ஆயிரம் பவுண்டு மாடு.

"அடுத்தது போ" என்றார்.

"இது?"

"எது?"

"வெண்டல், கறக்கிற மாடு எல்லாத்தையும் எடை போடணும். அது என் வேலை."

"கம்ப்யூட்டர்ல இருக்கிற மாடு எல்லாத்தையும் போடு. நான் வேண்டாங்கல. இல்லாத மாட்ட எப்படிப் போடுவ?"

இல்லாத மாடு அவருடைய தோளுக்கு மேல் தலையை நீட்டி, அவருடைய காதை நக்கியது. அவர் அசையவில்லை. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. காது மட்டும் நனைந்து பளபளத்தது.

வெளியே வண்டி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. இழுவை வண்டியின் இரும்புக் கதவு தடதடவென்று ஆடியது. லவோன் தொழுவ வாசலில் வந்து நின்று, எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள்.

"வாங்கினது யாருன்னு பட்டியல்ல பாத்தேன். வெ. ஹா.ன்னு போட்டிருக்கு" என்றாள். "யாருய்யா அது? வெளியூர் வியாபாரியா?"

வெண்டல் நனைந்த காதைத் துடைத்துக்கொண்டார்.

"விதிப்படி மந்தைய விட்டுப் போயிருச்சு. தீவனம் மட்டும் இங்கயே திங்குது. நல்ல வியாபாரம்தான்." சிரித்துக்கொண்டே கிட்டே வந்தாள். வரவர அந்தச் சிரிப்பு வற்றிக்கொண்டே வந்தது. "எனக்கு ஏன்யா இந்த வழிய சொல்லல?"

"லவோன்..."

"பியூலா ஏற மாட்டேன்னு கால ஊணி நின்னா. என்னைத் திரும்பித் திரும்பிப் பாத்தா. நான்தான் பின்னாலேர்ந்து தள்ளினேன், இந்தக் கையாலதான். நீ பக்கத்துல நின்னு போன்ல 'நீக்கப்பட்டது'ன்னு தட்டிக்கிட்டிருந்த. அன்னிக்கு உனக்கு இந்தப் புத்தி எங்க போச்சு?"

எனக்கு அவர் மேல் பரிதாபமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபமாகவும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் எடைமானியைத் துடைத்தேன்.

வெண்டல் கோட்டை மடக்கிக்கொண்டு திரும்பினார். கிளாடிஸின் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி, கயிறு மாட்டி, அதன் நுனியை லவோனிடம் நீட்டினார். "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார். "ஏத்திக்கோ. நான் செஞ்சது தப்பு. பியூலா விஷயத்துலதான் சொல்றேன்."

லவோன் கயிற்றை வாங்கினாள். மாட்டின் நெற்றியைத் தடவினாள்.

"சந்தைக்கு நான் எதுக்கு ஏத்தணும்?" என்றாள். "பியூலா நின்ன இடம் காலியாத்தான் கெடக்கு. வாங்கினவங்க பேர அழி. என் பேரப் போடு."

வெண்டலுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் அவருக்குள்ளிருந்த பிரசங்கி எட்டிப் பார்த்தார். "உன் பட்டியல்லயும் அது கடைசியாத்தான் வரும்."

"பட்டியல்ல ஏத்தினாத்தானே வரும்? எங்க வீட்டுப் பூனையுந்தான் பால் கறக்கல. அத ஏத்தியா வச்சிருக்கேன்?"

"இங்கயே இருக்கட்டுமே. நீ எப்ப வேணும்னாலும் வந்து..."

"முடியாது. இது உன்கிட்டயே இருந்தா நீ தப்பிச்ச மாதிரி ஆயிரும்."

அவர் தலையாட்டினார். மாட்டை வண்டிக்கு நடத்திப் போகும்போது அவர் வாய் ஓயவில்லை. "அவளுக்கு ஓட்ஸ ஊற வச்சுத்தான் கொடுக்கணும். குளிர்ல தண்ணி வெதுவெதுப்பா இருந்தாத்தான் குடிப்பா. இடது காதுக்குப் பின்னால சொறிஞ்சு விடு, அப்பத்தான் பால இறக்குவா. கறக்கும்போது வானொலி போடு. செய்தி வேண்டாம், அவளுக்குச் செய்தி பிடிக்காது."

"இதெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கா?" என்று கேட்டாள் லவோன்.

"இல்ல."

கிளாடிஸ் வண்டியின் சாய்வுப் பலகையில் முன்காலை வைத்தது. தயங்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. வண்டிக்குள் புது வைக்கோல் கிடந்தது, அதைத் தின்பதில்தான் அதன் கவனம். லவோன் இரும்புக் கதவைச் சாத்தித் தாழிட்டு, ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள்.

வண்டி நகர்ந்ததும் வெண்டலும் நகர்ந்தார். பக்கவாட்டுக் கம்பிகளின் இடைவெளியில் கையை நுழைத்து, உள்ளே கிளாடிஸின் மூக்கின் மேல் உள்ளங்கையை வைத்தார். லவோன் பின்கண்ணாடியில் பார்த்தாள், வேகத்தைக் கூட்டவில்லை. அவர் அந்தக் கையை எடுக்காமல், வண்டியோடு சேர்ந்து பண்ணைப் பாதை முழுவதும் நடந்து போனார்.